நகரத் திட்டத்துக்கு ஆட்சேபம் எழுத வாக்குரிமை தேவையில்லை

சென்னைப் பெருநகரின் மூன்றாவது முழுமைத் திட்டம் 2026 முதல் 2046 வரையிலான இருபது ஆண்டுகளுக்கானது. இன்று எட்டாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை அதன் கடைசி ஆண்டில் முப்பது வயதைத் தாண்டியிருப்பார். எந்த ஏரிக்கரையில் அடுக்குமாடி எழும், எந்த வயல் தொழிற்பேட்டையாகும், எந்தச் சாலை அகலமாகும், எங்கே திடல் மிஞ்சும் என்பதெல்லாம் இத்தகைய திட்டங்களின் வரைபடத்தில்தான் முடிவாகின்றன. 2022-ல் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிவாக்கப்பட்டதால், நேற்றுவரை கிராமமாக இருந்த ஊர்களின் பிள்ளைகளையும் இத்தகைய திட்டங்கள் பாதிக்கும். அந்த வாழ்க்கையை முழுக்க வாழப்போகிறவர்களுக்கு நாம் வழக்கமாகத் தரும் பங்கோ ‘கனவு நகரம்’ என்ற தலைப்பில் ஓர் ஓவியப் போட்டியும் ஒரு சான்றிதழும்தான். சட்டம் அவர்களுக்கு அதைவிடப் பெரிய இடத்தை ஏற்கெனவே தந்திருக்கிறது. அதை எடுத்துச் சொல்லத்தான் ஆளில்லை.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-ன் 26-ஆம் பிரிவைப் பாருங்கள். முழுமைத் திட்டத்தின் வரைவு தயாரானதும் அரசிதழிலும் முன்னணி நாளிதழ்களிலும் அறிவிப்பு வர வேண்டும். வரைவை எங்கே பார்வையிடலாம் என்று அதில் சொல்ல வேண்டும். ஆட்சேபங்களையும் ஆலோசனைகளையும் எழுத்துமூலம் அனுப்பக் குறைந்தது இரண்டு மாதம் அவகாசம் தர வேண்டும். நேரில் விளக்க வாய்ப்புக் கேட்டவர்களுக்கு அந்த வாய்ப்பையும் கொடுக்க வேண்டும். யார் எழுதலாம்? எந்த நபரும் எழுதலாம் என்கிறது சட்டம். வாக்காளர் என்றோ சொத்துவரி கட்டுபவர் என்றோ பதினெட்டு வயது நிறைந்தவர் என்றோ அங்கே வரம்பு இல்லை. ஆக, பதினைந்து வயது மாணவி தன் தெருவுக்கு நடைபாதை வேண்டும் என்று எழுதும் கடிதமும், கட்டுமான நிறுவனத்தின் வழக்கறிஞர் எழுதும் கடிதமும் சட்டத்தின் முன் ஒரே தகுதி உடையவை. 1992-ல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவும், தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்வதும் அந்தக் கருத்துக்கு உரிய மதிப்புப் பெறுவதும் குழந்தையின் உரிமை என்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் வயது வரம்பு கிடையாது. காந்திக்குத் ‘தேசத்தந்தை’ பட்டம் எந்த ஆணைப்படி வழங்கப்பட்டது என்று 2012-ல் லக்னோவைச் சேர்ந்த பத்து வயதுச் சிறுமி இச்சட்டத்தின்கீழ் கேட்டபோது, அப்படி ஓர் ஆவணம் இல்லை என்று அரசு பதில் எழுதியது.

இந்த உரிமையைப் பயன்படுத்தாமல் விடுவதன் விலை கண்முன்னே இருக்கிறது. உலகெங்கும் 5 முதல் 29 வயதுவரை உள்ளவர்களின் உயிரைப் பறிப்பவற்றில் சாலை விபத்துகளே முதலிடத்தில் உள்ளன என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் நம் சாலைகள் இன்னும் வாகனங்களின் வேகத்தை வைத்தே வரையப்படுகின்றன; பள்ளிக்கு நடந்து போகும் பிள்ளை அந்தக் கணக்கில் வருவதில்லை. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளுக்கு நகரின் நடுவிலிருந்து குடும்பங்கள் மாற்றப்பட்டபோது பல பிள்ளைகளின் படிப்பு முறிந்தது. வீடு வந்த வேகத்தில் பள்ளியும் பேருந்தும் வரவில்லை. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-ல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது நல்ல செய்திதான். ஆனால் அதற்குள் அதன் பெரும்பகுதி கட்டடமாகவும் சாலையாகவும் குப்பைமேடாகவும் மாறியிருந்தது. அந்த மாற்றத்துக்கான முடிவுகளை எடுத்த காலத்தில் பிறந்தே இராதவர்கள் இன்று அதன் வெள்ளத்தில் நிற்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்ற கேள்வி உடனே வரும். வெள்ளநீர் வடிகாலின் கொள்ளளவைக் கணக்கிட அவர்களுக்குத் தெரியாது. அதற்குப் பொறியாளர்கள் இருக்கிறார்கள். எந்தத் தெருமுனையில் இருட்டியபின் பெண் பிள்ளைகள் நடக்க அஞ்சுகிறார்கள், மனைப்பிரிவில் திறந்தவெளிக்காக ஒதுக்கிய ஓஎஸ்ஆர் நிலத்தில் இப்போது யாருடைய லாரி நிற்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். பெரிய மனைப்பிரிவுகளில் 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளியாக விட வேண்டும் என்பது விதி. அந்த நிலம் காணாமல் போனதை முதலில் கவனிப்பவர் அங்கே விளையாட இடமில்லாமல் திரும்பும் சிறுவர். அமெரிக்காவின் பாஸ்டன் மாநகராட்சி 2014-ல் பத்து லட்சம் டாலரை ஒதுக்கி, அதை எதற்குச் செலவிடுவது என்று 12 முதல் 25 வயதுள்ளோரை வாக்களிக்கச் சொன்னது. அவர்கள் வானத்தை வில்லாக வளைக்கச் சொல்லவில்லை. விளையாட்டுத் திடல் சீரமைப்பு, நடைபாதை, பள்ளிக்கு மடிக்கணினி என்று பொறுப்பாகவே தேர்ந்தார்கள்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. பெரியவர்கள் தங்கள் காரியத்துக்குப் பிள்ளைகளை முன்னே நிறுத்துவார்கள், நன்றாகப் பேசும் வசதியான பள்ளி மாணவர்களின் குரல் மட்டுமே கேட்கும் என்பது அது. இந்த அச்சம் நியாயமானது. 1992-ல் யுனிசெஃப் வெளியிட்ட ரோஜர் ஹார்ட்டின் கட்டுரை, குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படிகளாகப் பிரித்து, கீழ் மூன்று படிகளைப் பங்கேற்பே அல்ல என்றது. பிள்ளைகளைத் தூண்டிவிடுவது, அலங்காரத்துக்கு உட்கார வைப்பது, பெயருக்குப் பேச வைப்பது ஆகியவையே அந்த மூன்று படிகள். இதற்குத் தீர்வு அவர்களை விலக்கி வைப்பதல்ல. மாநகராட்சிப் பள்ளிகளிலும் மறுகுடியமர்வுப் பகுதிகளிலும் வேலைக்குப் போகும் இளைஞர்களிடமும் கருத்துக் கேட்பதைக் கட்டாயமாக்க வேண்டும். பெயர், படம், முகவரி ஆகியவற்றைப் பெற்றோரின் ஒப்புதலின்றி வாங்கக் கூடாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு இந்தப் பாதுகாப்பை வலியுறுத்துகிறது. கணக்கெடுப்பு நடத்தும் தொண்டு நிறுவனங்களும் இதைப் பின்பற்ற வேண்டும்.

என் பார்வையில் உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. நகரத் திட்ட அறிஞர் கெவின் லிஞ்ச் யுனெஸ்கோவுக்காக 1970-களில் தொடங்கிய ‘நகரங்களில் வளர்தல்’ ஆய்வு, 1990-களில் மீண்டும் தொடங்கப்பட்டபோது பெங்களூரின் சத்யா நகரிலும் நடத்தப்பட்டது. குடிசைப் பகுதிப் பிள்ளைகள் தங்கள் இடத்தைத் துல்லியமாக வரைந்தார்கள், தேவைகளைத் தெளிவாகச் சொன்னார்கள். பங்கேற்பைத் தடுத்தவை பெரிதும் நிறுவனங்களின் போக்குகளே என்று ஆய்வாளர்கள் 2001-ல் எழுதினார்கள். பிள்ளைகள் பேசத் தயார்; கேட்டவர்கள் பதில் சொல்லத்தான் தயாராக இல்லை. ஆகவே இளையோர் பங்கேற்பை அளக்க எத்தனை பேர் கூடினார்கள் என்று எண்ணிப் பயனில்லை. எத்தனை யோசனைகள் ஏற்கப்பட்டன, ஏற்காதவை ஏன் மறுக்கப்பட்டன என்ற எழுத்துபூர்வமான பதில் வந்ததா என்றுதான் பார்க்க வேண்டும்.

அந்தப் பதிலை வாங்க வழி இருக்கிறது. ஆட்சேபக் கடிதத்தில் சர்வே எண்ணோ தெருப் பெயரோ குறிப்பிட்டு, நேரில் விளக்க வாய்ப்பு வேண்டும் என்ற ஒரு வரியையும் சேர்த்து, திட்டத்தைத் தயாரிக்கும் அலுவலகத்தின் தபால் பிரிவில் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். பதில் வராவிட்டால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் மனு. முப்பது நாளுக்குள் விடை தர வேண்டியது அலுவலரின் கடமை. தராவிட்டால் மேல்முறையீடு உண்டு. நீர்நிலை, காடு, மாசு தொடர்பானது என்றால் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தை ஆறு மாதத்துக்குள் அணுகலாம். சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்ப்பதாக இருந்தால் பொதுவாக முப்பது நாள்தான். நகர் ஊரமைப்புச் சட்டத்தையே மீறிய நில உபயோக மாற்றத்துக்கு உயர் நீதிமன்றமே இடம். பதினெட்டு வயது நிறையாதவர் பெற்றோர் அல்லது காப்பாளர் வழியாக வழக்குத் தொடரலாம். உத்தராகண்டைச் சேர்ந்த ஒன்பது வயதுச் சிறுமி 2017-ல் பருவநிலை மாற்றம் குறித்துப் பசுமைத் தீர்ப்பாயத்தில் தொடுத்த வழக்கு தள்ளுபடியானது. எல்லா வழக்கும் வெல்லாது. அதனால்தான் வரைவு நிலையிலேயே, செலவில்லாத அந்த இரண்டு மாதத்துக்குள் எழுதிவிடுவது முக்கியம்.

சட்டத்தில் திருத்த வேண்டிய இடமும் உண்டு. தமிழக நகரங்களில் 2022 முதல் கூடிவரும் பகுதி சபாக்கள் வாக்காளர்களை மனத்தில் வைத்து அமைந்தவை. கர்நாடகத்தில் கிராம பஞ்சாயத்துகள் பல ஆண்டுகளாகக் குழந்தைகளுக்கென்றே தனிக் கிராம சபை கூட்டுகின்றன. ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒவ்வொரு வார்டிலும் பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கான பகுதி சபாவைக் கூட்டி, அங்கு எழுந்த கோரிக்கைகளுக்கு அடுத்த கூட்டத்தில் எழுத்தில் பதில் வைக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசும் விதி வகுக்கலாம். அதைக் கேட்டு உங்கள் வார்டு கவுன்சிலருக்கு ஒரு மனு எழுத இன்றே முடியும். அதில் முதல் கையெழுத்து ஒரு மாணவருடையதாக இருக்கட்டும்.