யாரோடது இந்தச் சேலை?

பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது, பரண்மேலிருந்த தகரப் பெட்டியைக் கீழே இறக்கினேன். அடியில் அரக்கு நிறத்தில் ஒரு பட்டுச் சேலை. ஆசையோடு பிரித்தால், மடிப்பு மடிப்பாகக் கிழிந்து கையோடு வந்துவிட்டது!

"யாரோடதுங்க அத்தை இது?" என்றேன்.

மாமியார் சேலையைத் தடவிப் பார்த்தார். "எங்க ஆத்தாளோட கூறைச் சேலையா, பெரியாத்தாளோடதான்னு வெளங்கல கண்ணு. சொல்றவங்கதான் எல்லாரும் போயிட்டாங்களே" என்றார்.

சேலை கிழிந்ததைவிட, அதன் கதை தொலைந்து போனதுதான் எனக்கு உறுத்தலாக இருந்தது.

அந்த வருடம் மே மாத விடுமுறையில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு சென்னையில் நாத்தனார் வீட்டுக்குப் போனோம். அங்கிருந்து ஒருநாள் எழும்பூர் அருங்காட்சியகம். 1851ல் ஆரம்பித்தது. பழைய சென்னைவாசிகள் இதைச் 'செத்த காலேஜ்' என்பார்களாம்! வெண்கலச் சிலைகளுக்கு முன்னால் நின்றபோது என் சின்ன மகள் கேட்டாள்: "இதையெல்லாம் யாரும்மா தொடைப்பாங்க?"

நல்ல கேள்வி! அதைக் கேட்டும் படித்தும் தெரிந்துகொள்ளப் போய்த்தான், 'காப்பாட்சியர்' என்று ஓர் உத்தியோகம் இருப்பதே எனக்குப் புரிந்தது.

பெயர் வைப்பதுதான் முதல் வேலை

வயலை உழும்போதோ, வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதோ ஒரு சிலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1878ஆம் வருடத்துப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அப்படி வந்த சிலைகள் எழும்பூரில் நிறைய உண்டு. சிலை வந்ததும் காப்பாட்சியர் செய்யும் முதல் காரியம், பதிவேட்டில் எழுதுவது. எந்த ஊர், எப்படிக் கிடைத்தது, உயரம் என்ன, எங்கே உடைந்திருக்கிறது என்று எல்லாவற்றையும் எழுதி, ஒரு எண் கொடுத்து, படமும் எடுத்து வைக்கிறார்.

எங்கள் குன்னத்தூர்ப் பக்கத்துப் பெண்களுக்கு இது சுலபமாகப் புரியும். பனியன் கம்பெனியில் ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு சீட்டு உண்டல்லவா? சீட்டு தொலைந்தால் எந்த லாட், என்ன சைஸ் என்று தெரியாமல் அந்தக் கட்டு அநாதைதான். சிலையும் அப்படியே.

தேய்க்காமல் காப்பது

நாம் வெள்ளிக்கிழமை தோறும் புளி போட்டுப் பளபளவென்று விளக்கித்தான் பழக்கம். அங்கே அது கூடாது! பழைய வெண்கலத்தின் மேல் படிந்திருக்கும் பச்சைப் படலம் பல நேரங்களில் உலோகத்துக்குக் கவசம். ஆனால் வெளிர் பச்சையாகப் பொடி உதிர்ந்தால் அது நோய். மண்ணிலிருந்து ஏறிய உப்பு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து சிலையை அரிக்கிறது. இதற்கு வைத்தியம் பார்க்கவே எழும்பூரில் 1930ல் ரசாயனக் கூடம் ஒன்று ஏற்பட்டது. மின்சாரம் பாய்ச்சிச் சிலைகளின் அரிப்பை நீக்கும் முறையை டாக்டர் பரமசிவன் அங்கே கையாண்டார்.

படிப்பும் ஆராய்ச்சியும் வேறு இருக்கிறது. அங்கே காப்பாட்சியராக இருந்த சிவராமமூர்த்தி, அமராவதிச் சிற்பங்களைப் பற்றி எழுதிய நூல் 1942ல் வெளிவந்தது. பிற்பாடு டில்லி தேசிய அருங்காட்சியகத்துக்கே இயக்குநரானார். அந்த டில்லி அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநர், 1960ல் பொறுப்பேற்ற கிரேஸ் மார்லி என்ற அமெரிக்கப் பெண்மணி. பார்த்தீர்களா, பொருளைப் பேணுவதில் நம்மவர்கள் எங்கேயும் சளைத்தவர்கள் இல்லை!

நடராஜர் வீடு திரும்பினார்

'எழுதி வைத்து என்ன ஆகப்போகிறது?' என்று தோன்றலாம். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் திருட்டுப் போய், கடல் கடந்து, 2008ல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு விலையாகிவிட்டார். விற்றவர் காட்டிய பத்திரங்களோ பொய். ஆனால் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் முன்பே கோயிலில் எடுத்து வைத்திருந்த புகைப்படம், 'இவர் எங்கள் ஊர்க்காரர்' என்று சாட்சி சொல்லிற்று. 2014ல் நடராஜர் இந்தியா திரும்பினார். யாரோ ஒருவர் சிரமம் பார்க்காமல் படமெடுத்துப் பத்திரப்படுத்தியதன் பலன்!

நம் வீட்டில்

ஊருக்குத் திரும்பியதும் நானும் வீட்டுக் காப்பாட்சியர் ஆகிவிட்டேன். நான் செய்தவற்றை நீங்களும் செய்யலாம்:

பட்டுச் சேலையைத் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் கிடந்தால் இழை அங்கேதான் இற்றுப் போகும். உருளையில் சுற்றி வைத்தால் இன்னும் நல்லது. ஈரமும் வெயிலும் ஆகாது. வெளிச்சத்தில் போன சாயம் திரும்பவே திரும்பாது. இரும்பு ஊசி குத்தி வைத்தால் துருக்கறை நிச்சயம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், ஒரு நாற்பது பக்க நோட்டு. பொருளின் பெயர், யாருடையது, எப்போது, எப்படி வந்தது என்று பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.

நான் மாமியாரைத் திண்ணையில் உட்கார வைத்து எழுத ஆரம்பித்தேன். மூன்றாவது எண், ஒரு பித்தளைச் செம்பு. தினமும் தண்ணீர் குடிக்கிற செம்புதான். "எங்கப்பன் ஒரு எருமைக் கிடாரிய வித்துட்டு, எனக்குச் சீர் வாங்கிக் குடுத்தது கண்ணு" என்றவருக்குக் குரல் கம்மிவிட்டது. இத்தனை வருடமாக ஒரே வீட்டில் இருந்தும் இதை நான் கேட்டதேயில்லை!

அந்த அரக்குச் சேலையையும் எழுதியிருக்கிறேன். 'யாருடையது' என்ற இடத்தில் மட்டும் ஒரு கோடு. நோட்டில் இன்னொரு கோடு விழக்கூடாது என்பதுதான் என் ஆசை.