குலச்சாமியே பட்டா

ஆஸ்திரேலியாவின் வடகோடியில் யிர்க்காலா என்றோர் ஊர். வெளியார் கண்ணில் படாமல் பொத்திவைக்கும் 'ரங்கா' என்ற புனிதப் பொருட்களை, அங்குள்ள யோல்ங்கு பழங்குடிப் பெரியவர்கள் ஒரு வெள்ளைக்காரருக்கு எடுத்துக் காட்டினார்கள். இப்போது உமக்குப் புரிந்திருக்கும் என்றார் ஒருவர். புரிந்தது. சாமிப் பொருள் என்று அவர்கள் காட்டியதுதான் அந்த நிலத்தின் பட்டாவும்.

வந்தவர் டபிள்யூ. ஈ. ஹெச். ஸ்டானர் (1905–1981). பத்திரிகை வேலையிலிருந்து மானிடவியலுக்கு வந்தவர். 1932இல் டேலி ஆற்றுப் பக்கம் முதல் களஆய்வுக்குப் போனபோது, ஒரு பெரிய ஈட்டிச் சண்டையில் டுர்முகம் என்ற நெடிய மனிதரைக் கண்டார். இருவருக்கும் ஏற்பட்ட பழக்கம் பல ஆண்டு நீடித்தது. டுர்முகத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைதான், அவருடைய கோட்பாட்டு நூல்களைவிட இன்றும் சுவையானது.

பழங்குடிச் சடங்குகளை மாயமந்திரம் என்று ஒதுக்கிய அறிஞர்கள் இருந்த காலம் அது. ஸ்டானர் அவற்றை முழுமையான சமயமாகவே ஆராய்ந்தார். முன்னோர் உலகைப் படைத்ததாக அவர்கள் சொல்லும் 'கனவுக்காலம்' என்பது முடிந்துபோன ஆதிகாலம் அல்ல, இன்றும் நடந்துகொண்டிருப்பது என்று விளக்கினார். 1968இல் வானொலி உரைகளில், பழங்குடிகளை விட்டுவிட்டே ஆஸ்திரேலிய வரலாறு எழுதப்பட்டதைப் போட்டு உடைத்தார்.

இதற்கிடையே யிர்க்காலா பக்கம் பாக்சைட் சுரங்கம் வரவிருந்தது. 1963இல் யோல்ங்கு மக்கள் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார்கள். தட்டச்சு செய்த தாளை மரப்பட்டையில் ஒட்டி, சுற்றிலும் தங்கள் குலச் சித்திரங்களைத் தீட்டியிருந்தார்கள். பலனில்லை. விவகாரம் நீதிமன்றம் போனது. ஸ்டானரும் இன்னொரு மானிடவியலாளரான ரொனால்ட் பெர்ண்ட்டும் யோல்ங்கு தரப்பில் சாட்சி சொன்னார்கள்.

1971இல் நீதிபதி பிளாக்பர்ன் தீர்ப்பளித்தார். இம்மக்களிடம் நுட்பமான சட்ட ஒழுங்கு உண்டு என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும் வென்றது சுரங்கக் கம்பெனி. நிலம் குலத்துக்குச் சொந்தம் என்பதைவிட, குலம் நிலத்துக்குச் சொந்தம் என்றே சாட்சியங்களிலிருந்து தெரிகிறது, அது சொத்துரிமை ஆகாது என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. ஸ்டானர் வாழ்நாளெல்லாம் சொல்லிவந்த உண்மையே எதிர்த்தரப்புக்குக் கைகொடுத்துவிட்டது!

தோற்ற தரப்புக்கு வாதாடிய வழக்கறிஞர் எட்வர்ட் உட்வர்டையே, 1973இல் நில உரிமை விசாரணை ஆணையராக அரசு நியமித்தது. அதன் தொடர்ச்சியாக 1976இல் வடக்குப் பிரதேசத்துக்கு நில உரிமைச் சட்டம் வந்தது. நிலத்தின் மரபுவழி உரிமையாளர் யார்? ஒரு புனித இடத்துக்கு முதன்மையான ஆன்மிகப் பொறுப்பு உள்ள குலத்தாரே என்று அதில் எழுதினார்கள். நீதிமன்றத்தில் செல்லாமல் போன பட்டா சட்டப் புத்தகத்தில் ஏறியது. யிர்க்காலா பக்கத்துச் சுரங்கம் மட்டும் பழைய குத்தகைப்படி தோண்டிக்கொண்டே இருந்தது.