எதற்கெடுத்தாலும் ‘1984’ தானா?

2024 ஜனவரி 24ஆம் திகதி நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் 108க்கு 62 என்ற வாக்குகளால் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அந்நாட்களில் எம்மவர்களின் முகநூல் பக்கங்களிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் ஓர் எண் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது: 1984. “ஓர்வெல் அன்றே சொன்னது இன்று நடந்துவிட்டது” என்பதே பெரும்பாலான பதிவுகளின் சாராம்சம். அதன் பிறகும் அந்த எண் ஓயவில்லை. அரசாங்கம் மாறினால் சொல்பவர்கள் மாறுகிறார்கள். நேற்று எதிர்க்கட்சியாக இருந்து ‘1984’ என்றவர்கள் ஆளும் தரப்பானதும் அதை மறந்துவிடுகிறார்கள். நேற்று மறுத்தவர்கள் இன்று அதையே தூக்கிப் பிடிக்கிறார்கள்.

புத்தளம் மாவட்டத்தின் கரையோரப் பாடசாலை ஒன்றில் தமிழ் கற்பிப்பவன் என்ற வகையில், மாணவர்கள் ஒரு நாவலின் பெயரை உச்சரிப்பதே எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்நூலில் என்ன இருக்கிறது என்று கேட்டால், “கெமரா வைத்து எல்லோரையும் கண்காணிப்பார்கள், சேர்” என்பதற்கு மேல் பதில் வருவதில்லை. படிக்காத புத்தகம் ஒன்று அரசியல் விவாதத்தில் என்னவெல்லாம் செய்யும் என்பதை எமது சமூகம் சற்று நிதானமாக யோசிக்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் இவ்விடயத்தில் எமக்கு இருக்கும் அனுபவம் சிறியதல்ல.

கேடுலகக் கதை என்றால் என்ன?

எல்லாம் நன்றாக நடக்கும் ஓர் இலட்சிய உலகைக் கற்பனை செய்வது ஒரு வகை எழுத்து. அதன் மறுபக்கமாக, இன்று சிறிதாகத் தெரியும் ஒரு தீமை தடையின்றி வளர்ந்தால் நாளைய சமூகம் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்வது கேடுலகக் கதை. ஆங்கிலத்தில் டிஸ்டோபியா என்பார்கள். இவ்வகை நாவல் சோதிடம் அல்ல. ‘இது நடக்கும்’ என்று அது சொல்வதில்லை. ‘இது எப்படி நடக்கும்’ என்று காட்டுகிறது. இந்த வேறுபாட்டைத் தவறவிடும்போதுதான் பிழையான பயன்பாடு தொடங்குகிறது.

ஜோர்ஜ் ஓர்வெல் 1903இல் பிரித்தானிய இந்தியாவின் மோதிஹாரியில் பிறந்தவர். 1922 முதல் 1927 வரை பர்மாவில் பொலிஸ் அதிகாரியாக இருந்து, ஏகாதிபத்தியத்தை உள்ளிருந்தே கண்டு வெறுத்தவர். ‘விலங்குப் பண்ணை’ 1945இலும் ‘1984’ 1949இலும் வெளிவந்தன. இரண்டையும் க.நா.சுப்ரமண்யம் தமிழில் தந்திருக்கிறார். ஓர்வெல் கடைசிவரை தன்னை ஒரு சோஷலிசவாதி என்றே சொல்லிக்கொண்டார். ஆயினும் ‘1984’ வெளிவந்த அதே ஆண்டில், தனது நாவல் சோஷலிசத்தையோ பிரித்தானியத் தொழிற்கட்சியையோ தாக்குவதற்காக எழுதப்பட்டதல்ல என்று அவரே அறிக்கைவிட வேண்டியதாயிற்று. 

1950இல் அவர் இறந்த பின்னர் நிலைமை இன்னும் மோசமானது. ‘விலங்குப் பண்ணை’ 1954இல் கார்ட்டூன் திரைப்படமாக வந்தது. அதற்கு இரகசியமாகப் பணம் கொடுத்தது அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. கதையின் முடிவும் மாற்றப்பட்டது. நூலின் முடிவில் பன்றிகளையும் மனிதர்களையும் வேறுபடுத்திப் பார்க்க முடியாமல் ஏனைய விலங்குகள் திகைத்து நிற்கும். அதாவது பழைய எஜமானும் புதிய எஜமானும் ஒன்றே. படத்திலோ மனிதர்கள் அந்தக் காட்சியிலிருந்து நீக்கப்பட்டு, பன்றிகளுக்கு எதிராக விலங்குகள் கிளர்ந்தெழுவதாக முடித்தார்கள். இரு தரப்பையும் குற்றம் சாட்டிய கதை, ஒரு தரப்பின் ஆயுதமாகியது.

2021 ஜனவரியில் அமெரிக்கப் பாராளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்ட பின்னர், செனட்டர் ஜோஷ் ஹோலியின் நூலை வெளியிடும் ஒப்பந்தத்தை ஒரு பதிப்பகம் இரத்துச் செய்தது. உடனே அவர் அதை ‘ஓர்வெல் உலகம்’ என்றார். ஒரு தனியார் பதிப்பகம் தன் ஒப்பந்தத்தை முறிப்பதும், ஓர் அரசு மனிதனின் நினைவையே அழிப்பதும் அவர் கண்ணில் ஒன்றாகிவிட்டன.

பெயர் சூட்டினால் விவாதம் முடிந்துவிடுகிறது

இனி எமது நாட்டுக்கு வருவோம். நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில் அஞ்சத்தக்கவை இருந்தன. எது பொய்யான கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஐவர் கொண்ட ஆணைக்குழு ஒன்றுக்கு வழங்கப்பட்டது. சட்டமூலத்தின் பல பிரிவுகளைத் திருத்த வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்திருந்தது. அத்திருத்தங்கள் முழுமையாகச் சேர்க்கப்படவில்லை என்ற குற்றச்சாட்டில் சபாநாயகருக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவரப்பட்டு, 2024 மார்ச்சில் தோற்கடிக்கப்பட்டது. உண்மையில் பேசவேண்டியது இதைத்தான்: எந்தப் பிரிவு, யாருக்கு என்ன அதிகாரம், எங்கே மேன்முறையீடு?

‘1984’ நாவலின் நாட்டில் சட்டம் என்று ஒன்றே கிடையாது. அதனால் அங்கே எதுவும் சட்டவிரோதமும் அல்ல. ஆனால் அகப்பட்டவன் காணாமல் போவான். எமது நாட்டிலோ சட்டம் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, மனுத்தாக்கல் செய்ய ஒரு வாசல் இருக்கிறது. “எல்லாம் முடிந்தது, இது 1984” என்று சொல்பவர், தான் அறியாமலேயே அந்த வாசலுக்கு முதுகைக் காட்டுகிறார். அச்சம் மட்டும் மிஞ்சுகிறது. சட்டமூலத்தை வாசிக்கும் பொறுமை போய்விடுகிறது.

எமக்கு ஒரு நீதி, மற்றவருக்கு ஒரு நீதியா?

2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தின் 3ஆம் பிரிவு, இன, மத வெறுப்பைத் தூண்டிப் பாகுபாட்டுக்கோ வன்முறைக்கோ வழிவகுப்பதைக் குற்றமாக்குகிறது. இதன்கீழ் கைதானவருக்குப் பிணை வழங்க மேல் நீதிமன்றத்தால் மட்டுமே முடியும். 2018 திகன வன்முறையின் பின்னர் இச்சட்டத்தைப் பயன்படுத்துங்கள் என்று கேட்டவர்களில் எம்மவர்களும் இருந்தார்கள். கேட்டதில் நியாயமும் இருந்தது.

ஆனால் 2019 ஏப்ரலில் இதே சட்டத்தின்கீழ் கைதானவர் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார. ஒரு சிறுகதை பௌத்தத்தை அவமதித்தது என்ற முறைப்பாட்டுக்காக அவர் நான்கு மாதங்களுக்கு மேல் சிறையில் இருந்தார். எமது தரப்பிலிருந்து அவருக்காக எழுந்த குரல்கள் மிகக் குறைவு. சரியாக ஓர் ஆண்டு கழித்து, 2020 ஏப்ரலில் ரம்ஸி ராசிக் கைதானார். பேனாவையும் விசைப்பலகையையும் கொண்டு கருத்தியல் ரீதியில் போராட வேண்டும் என்று எழுதிய முகநூல் பதிவில் ‘ஜிஹாத்’ என்ற சொல் இருந்ததே காரணம். நோயாளியான அவர் ஐந்து மாதங்களுக்கு மேல் அடைபட்டிருந்தார். அவரது அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாக 2023இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மற்றவர் வீட்டில் தீப்பிடிக்கும்போது ‘சட்டம் தன் கடமையைச் செய்கிறது’ என்பதும், அது எம் கூரைக்கு வந்தபின் ‘1984’ என்பதும் வாதமாகாது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதியிலிருந்து உங்களை விலக்கிவிட வேண்டாம் என்று ஸூரா அல்மாஇதாவின் 8ஆம் வசனம் எமக்குக் கட்டளையிடுகிறது. அதை எதிரிக்கு ஓதிக்காட்டுவதற்கு முன் எமக்கே ஓதிக்கொள்ள வேண்டும்.

மார்கரெட் அட்வூட் 1985இல் வெளியிட்ட ‘த ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ நாவலுக்கும் இதே கதிதான். பர்தா அணிந்த பெண்ணின் படத்தைப் போட்டு அந்நாவலின் பெயரை எழுதுவோர் உலகெங்கும் உண்டு. ஆனால் அந்நாவலின் கொடுங்கோல் ஆட்சி அமெரிக்காவில், கிறிஸ்தவத் தீவிரவாதிகளால் அமைக்கப்படுவது. மனித வரலாற்றில் எங்காவது ஏற்கெனவே நடக்காத எதையும் தாம் அதில் சேர்க்கவில்லை என்பது அட்வூட்டின் கூற்று. அதன் மையக் கேள்வி உடை அல்ல. பெண்ணுக்காகத் தீர்மானிப்பது யார் என்பதே. 2019 ஏப்ரல் 29இல் அவசரகால ஒழுங்குவிதியால் முகத்திரை தடைசெய்யப்பட்டபோது அந்தக் கேள்வியை அரசிடம் கேட்டோம். சரி. அதே கேள்வி, மணமகளின் கையொப்பம் கட்டாயமில்லாத 1951ஆம் ஆண்டின் எமது விவாக, விவாகரத்துச் சட்டத்தை நோக்கியும் வரும். அப்போது முகம் சுளிக்காமல் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

கற்பனை செய்தியாகும்போது

இவற்றைவிட ஆபத்தானது ஒன்றுண்டு. கேடுலகக் கதையை நாவலாக எழுதாமல், செய்தியாகவே பரப்புவது. ‘இன்னும் சில தசாப்தங்களில் பெரும்பான்மையினர் சிறுபான்மையாகிவிடுவர், அதற்கான இரகசியத் திட்டம் நடக்கிறது’ என்பது ஒரு கேடுலகக் கதைதான். அதில் வில்லன்களாக வார்க்கப்பட்டவர்கள் நாம்.

2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஓர் உணவகத்தின் உணவில் மலட்டுத்தன்மை மாத்திரை கலந்ததாகச் சொல்லி, கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது மருந்தல்ல, மாக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வில் தெரியவந்தது. ஆனால் அறிக்கை வருமுன்பே கதை தன் வேலையைச் செய்துவிட்டது. 2019 மே மாதத்தில் குருநாகல் வைத்தியர் ஷாபி 4000 சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்றார்கள். ஆதாரம் கிடைக்கவில்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றத்தில் கூறியது. 2022இல் தனக்குக் கிடைத்த நிலுவைச் சம்பளத்தை அவர் அத்தியாவசிய மருந்து வாங்கவே கொடுத்துவிட்டார்.

நாவலில் தினமும் இரண்டு நிமிடம் மக்கள் ஒன்றுகூடித் திரையில் தோன்றும் எதிரியைப் பார்த்துக் கத்துவார்கள். 2019இல் எமது தொலைக்காட்சித் திரைகளில் சில மாதங்கள் நடந்தது அதுவே. செய்தியைத் தீர விசாரியுங்கள் என்று ஸூரா அல்ஹுஜுராத் கட்டளையிடுவது ஏன் என்பதை, அதனால் அடிபட்ட சமூகம் மற்ற எவரையும்விட நன்றாக உணர வேண்டும். நாமும் ஆதாரமற்ற பயங்கரக் கதைகளை ‘ஃபோர்வர்ட்’ செய்தால், எம்மை எரித்த அதே தீக்குச்சியைக் கையில் எடுக்கிறோம்.

ஒரு கவிதை நூல் கூண்டில் நின்றது

இலக்கியத்தை வாசிக்கத் தெரியாமல் அரசியல் செய்வதன் உச்சத்தை எமது மாவட்டமே கண்டது. சிலாவத்துறைப் பக்கத்து இளம் கவிஞர் அஹ்னாஃப் ஜஸீம், மதுரங்குளியில் தமிழ் இலக்கியம் கற்பித்தவர். 2020 மே 16இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் கைதானார். அவரது ‘நவரசம்’ தொகுப்பு தீவிரவாதத்தைப் போதிக்கிறது என்றார்கள். தீவிரவாதத்தைக் கண்டிக்கும் கவிதைகளும் அதில் இருந்தன. உவமையும் உருவகமும் அறிந்தவர் தமிழில் முழுமையாக வாசித்திருந்தால் ஒரு மாலைப்பொழுதில் தீர்ந்திருக்கும் விடயம். ஆனால் அவர் ஏறக்குறைய 19 மாதங்கள் தடுப்பிலிருந்து 2021 டிசம்பரில் பிணையில் வந்தார். 2023 டிசம்பர் 12இல் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

நாவலின் பெயரைச் சொல்லி எதிரியை வசைபாடுவதும், கவிதையின் ஒரு வரியைப் பிய்த்தெடுத்துக் கவிஞனைச் சிறையில் தள்ளுவதும் அளவில் வேறானவை. ஆனால் இரண்டின் அடியிலும் இருப்பது ஒரே பழக்கம்: நூலைப் படிக்காமலே அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது.

அப்படியானால் எப்படிப் பயன்படுத்துவது?

ஓர்வெல் எமக்கு உண்மையிலேயே பயன்படும் இடம் மொழி. கடுமையான செயலுக்கு மென்மையான பெயர் சூட்டினால் மனம் அதை எதிர்க்க மறந்துவிடும் என்பதே அவரது பெரிய எச்சரிக்கை. 2021 மார்ச்சில் வெளியான வர்த்தமானி, குற்றம் நிரூபிக்கப்படாத ஒருவரையும் இரண்டு ஆண்டுகள் வரை தடுத்துவைப்பதற்கு ‘புனர்வாழ்வு’ என்று பெயரிட்டது. அதை உயர் நீதிமன்றம் அவ்வாண்டு ஓகஸ்டில் இடைநிறுத்தியது. கொழும்பின் குப்பையை ஏறக்குறைய 170 கிலோமீற்றர் தாண்டி எமது அறுவக்காட்டுக்குக் கொண்டுவரும் திட்டத்துக்கு ‘சுகாதார முறையிலான நிலநிரப்பு’ என்று பெயர். குப்பை என்ற சொல்லே அதில் இல்லை. இவற்றைக் கண்டுபிடிக்க ‘1984’ என்று கத்தத் தேவையில்லை. அந்நூலைப் படித்த கண் இருந்தால் போதும்.

இரண்டாவது, நினைவு. அந்நாவலின் நாயகனுடைய தொழில் பழைய பத்திரிகைகளைத் திருத்தி எழுதுவது. 2020 ஏப்ரலில் ஜனாஸா எரிப்பு வர்த்தமானி வந்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன்பே வழிகாட்டியிருந்தது. 2021 பெப்ரவரியில்தான் அனுமதி கிடைத்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. இத்திகதிகளை எமது பிள்ளைகள் அறிந்திருக்கிறார்களா? அன்று யார் கைதூக்கினார்கள், யார் மௌனமாக இருந்தார்கள் என்பது எமது பள்ளிவாசல், பாடசாலை ஆவணங்களில் இருக்கிறதா? ஓர்வெல்லின் பெயரைச் சொல்வதைவிட, இந்தப் பதிவுகளைப் பேணுவதே அவரைப் படித்ததற்கான அடையாளம்.

அடுத்த தடவை யாராவது “இது 1984” என்றால், கோபப்படாமல் மூன்று கேள்விகளைக் கேட்போம். நூலின் எந்தப் பகுதியைச் சொல்கிறீர்கள்? சட்டத்தின் எந்தப் பிரிவு அதற்கு ஒப்பாகிறது? இதே அதிகாரம் உங்கள் எதிரி மீது பாய்ந்தாலும் இதையே சொல்வீர்களா? மூன்றுக்கும் பதில் இருந்தால் அவரோடு சேர்ந்து குரல் கொடுக்கலாம். பதில் இல்லாவிட்டால் அவருக்கு ‘விலங்குப் பண்ணை’யின் தமிழ்ப் பிரதி ஒன்றை வாங்கிக் கொடுக்கலாம். சிறிய நூல்தான், இரண்டு இரவுகளில் படித்து முடித்துவிடலாம்.