காணி உறுதி இல்லாதவர்களின் ஓடை

இரத்தினபுரி, கேகாலை மலைகளுக்கு அடியில் ஷேல் வாயு கிடையாது. இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் மிகப் பழமையான உருமாறிய பாறை; அதில் மாணிக்கம் விளையும், எரிவாயு தங்காது. ஷேல் வாயு என்பது ஆழத்தில் படிந்த களிப்பாறைக்குள் அடைபட்டிருப்பது. இரண்டு, மூன்று கிலோமீற்றர் கீழே துளைத்து, அங்கிருந்து குழாயைப் படுக்கையாகத் திருப்பி, மணலும் இரசாயனமும் கலந்த தண்ணீரைப் பேரழுத்தத்தில் செலுத்திப் பாறையை வெடிக்கச் செய்தால்தான் அது வெளியே வரும். ஒரு கிணற்றுக்கே கோடி லீற்றருக்கு மேல் தண்ணீர் செலவாகும். இலங்கைக்குரிய எரிவாயு என்று இதுவரை கண்டறியப்பட்டது மன்னார்க் கடலில், 2011 இல் கெய்ர்ன் நிறுவனம் தோண்டிய கிணறுகளில்தான். அப்படியிருக்க, இந்த மலைகள் அடங்கிய சப்ரகமுவத் தோட்டங்களில் வாழ்பவர்கள் ஷேல் பற்றி ஏன் யோசிக்க வேண்டும்? ஓர் எரிசக்திக் கம்பனி புதிய இடத்துக்குள் நுழையும்போது அங்கே வாழும் மக்களிடம் கேட்குமா, கேட்காதா என்பதை அந்த மக்கள் கையில் உள்ள உரிமைதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. தமிழகத்தின் காவிரிக் கரையில் இது தெளிவாகத் தெரிந்தது. சப்ரகமுவவில் அதே கேள்வி வாயு வடிவத்தில் வரவில்லை, தண்ணீர் வடிவத்தில் வந்திருக்கிறது.

2013 ஒக்ரோபரில் இந்திய அரசு ஷேல் கொள்கையை அறிவித்து, ஓ.என்.ஜி.சி., ஓயில் இந்தியா ஆகிய அரசு நிறுவனங்கள் ஏற்கெனவே தம் வசமிருந்த பகுதிகளில் ஷேல் தேடலாம் என்றது. காவிரிப் படுகையும் அதற்குள் அடங்கியது. மன்னார்குடி மீத்தேன் திட்டத்தால் காவிரி டெல்டா அப்போதே கொதித்துக் கொண்டிருந்தது. 2017 இல் எரிவாயுத் திட்டத்துக்கு எதிராக நெடுவாசல் கிராமம் எழுந்தது. ஊர் ஊராகக் கிராம சபைகள் தீர்மானம் போட்டன. 2020 இல் தமிழக சட்டமன்றம் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி, ஷேல் வாயு உட்படப் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்குத் தடை விதித்தது. பழைய கிணறுகளை அந்தச் சட்டம் தொடவில்லை. ஆகவே அது முழு வெற்றியல்ல. நிலமற்ற கூலித் தொழிலாளர்களும் அந்தப் போராட்டப் பந்தல்களில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஆனாலும் அரசாங்கத்தை இறங்கி வரச் செய்தது நிலப் பட்டாவும் கிராம சபையும் வாக்கும் ஒரே இடத்தில் சேர்ந்து நின்ற பலம்.

சப்ரகமுவவில் எரிசக்தி முதலீடு ஓடைகளைத் தேடி வந்தது. வெள்ளைக்காரன் காலத்திலேயே தேயிலைத் தொழிற்சாலைகள் சொந்தச் சுழலிகளால் ஓடின. தேசிய மின்கட்டமைப்பு வந்ததும் அவை கைவிடப்பட்டன. 1990களின் பிற்பகுதியில் 10 மெகாவாட்டுக்கு உட்பட்ட தனியார் நிலையங்களின் மின்சாரத்தை மின்சார சபை நியம ஒப்பந்தத்தில் வாங்கத் தொடங்கியதும் அந்த ஓடைகளுக்கு மறுபடி விலை வந்தது. இன்று நாடெங்கும் சிறு நீர்மின் நிலையங்களின் மொத்தக் கொள்ளளவு 400 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. களனி, களு கங்கைகளுக்கு நீர் சேர்க்கும் மலைச்சரிவுகள், அதாவது யட்டியாந்தோட்டை, தெரணியகலை, குருவிட்டைப் பக்கங்கள், இந்தத் தொழிலுக்கு வாய்ப்பான இடங்கள். தேயிலையிலும் இறப்பரிலும் வருமானம் ஆட்டம் காணும்போது, தோட்டத்துக்குள்ளேயே விழும் தண்ணீரை மின்சாரமாக்கி விற்பது கம்பனிகளுக்கு நல்ல வழியாகவே தோன்றும்.

வேலை நடக்கும் விதம் எளிது. ஓடையின் மேல்மட்டத்தில் ஒரு தடுப்பணை. அங்கிருந்து மலையின் இடுப்பைச் சுற்றி ஒரு கால்வாய், அதன் முடிவில் ஒரு தொட்டி, தொட்டியிலிருந்து செங்குத்தாக இறங்கும் இரும்புக் குழாய், அடியில் சுழலி. சுழற்றிய தண்ணீர் மீண்டும் ஓடைக்கே போகிறது. "ஒரு துளியும் குறையவில்லை" என்று கம்பனி சொல்வது சரிதான், சுழலிக்குக் கீழே நின்று பார்த்தால். தடுப்பணைக்கும் சுழலிக்கும் இடையே கிடக்கும் தூரத்தில் நிலைமை வேறு. அனுமதிப் பத்திரம் விடச் சொல்கிற குறைந்த அளவு தண்ணீர்தான் அங்கே ஓடும். தை, மாசியில் அது கல்லை நனைத்தபடி ஊர்ந்து போகும். அந்த இடைத் தூரத்தில் ஒரு லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடு, இருந்தால், குளிப்பதும் துணி துவைப்பதும் அங்கேதான். பீலிக்கு வரும் தண்ணீரும் அந்தச் சரிவின் ஊற்றாக இருக்கலாம். 2016 மே மாதம் அரநாயக்கவிலும் புலத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மலை சரிந்து ஆட்களைப் புதைத்தது. அதற்குக் காரணம் அடைமழை, நீர்மின் நிலையமல்ல. ஆனால் அப்படிப்பட்ட சரிவுகளில் கால்வாய் வெட்டும்போது, கீழே லயத்தில் உறங்குகிறவர்களையும் கேட்டாக வேண்டும் என்பதற்கு வேறு நியாயம் தேவையில்லை.

அவர்களிடம் ஏன் கேட்பதில்லை? 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் நிர்வாகம் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது. குத்தகை 2045 வரை நீள்கிறது. குத்தகைதாரரும் அரசும் மின் முதலீட்டாளரும் பேசி முடித்தால் காணி விடயம் முடிந்தது. பல தலைமுறையாக அங்கே வாழும் குடும்பம் சட்டத்தின் கண்ணில் வேலையோடு ஒட்டிய குடியிருப்பாளர் மட்டுமே. 7 பேர்ச்சஸ் காணியும் உறுதியும் கிடைத்தவர்கள் சிறுபான்மையினர். 2018 இல் சட்டம் திருத்தப்படும்வரை தோட்டக் குடியிருப்புகளுக்குச் சேவை செய்யப் பிரதேச சபைக்கே கை கட்டப்பட்டிருந்தது. சுற்றாடல் விதிகளும் பெரிதாக உதவவில்லை: நீர்மின் திட்டம் என்ற வகையில் கட்டாய மதிப்பீடு 50 மெகாவாட்டுக்கு மேற்பட்டதற்குத்தான். சிறிய திட்டம் காட்டையோ ஆற்றோரத்தையோ தொட்டால் அந்த வலையில் அகப்படலாம். கீழே ஒரு லயம் இருக்கிறது என்பதற்காக மட்டும் அகப்படாது.

எதிர்வாதங்களை இலேசாகத் தள்ள முடியாது. 2022 மார்ச் இறுதியில் நாள் ஒன்றுக்கு 13 மணி நேரம் இருளில் கிடந்த நாடு இது. நுரைச்சோலை நிலக்கரிக்கும் டீசலுக்கும் டொலர் கொட்டுவதைவிட ஓடை நீர் ஆயிரம் மடங்கு மேல். சிறு நீர்மின் நிலையத்தை ஷேல் கிணற்றோடு ஒரே தட்டில் வைப்பதும் அநியாயம். இங்கே நஞ்சு கலந்த கழிவுநீர் இல்லை. இதையெல்லாம் முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் தூய்மையான மின்சாரம் என்பதால் தண்ணீரை இழப்பவரின் சம்மதம் வேண்டாம் என்றாகிவிடாது. எல்லோரையும் கேட்டுக் கொண்டிருந்தால் எந்தத் திட்டமும் எழும்பாது என்ற வாதத்துக்குப் பலாங்கொடைப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. 120 மெகாவாட் சமனலவெவ நிலையம் வளவை நீரைச் சுரங்கம் வழியாக வேறு இடத்துக்குக் கொண்டுபோகிறது. 1992 இல் நீர் நிரப்பியபோது வலக் கரை கசிந்து, அந்தக் கசிவு இன்றும் பேசப்படுகிறது. ஆனால் அணைக்குக் கீழே கல்தொட்டை நெல் வயல்களுக்குப் பழைய நீருரிமை இருந்தது. ஆகவே அவர்களுக்குத் தண்ணீர் விட்டாக வேண்டும், கசியும் நீரும் அந்தக் கணக்கில் சேர்கிறது. உரிமை உள்ளவருக்குப் பங்கு கொடுத்த பிறகும் சுழலி சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

தோட்ட மக்களுக்கு வேண்டியதும் இதுவே. அந்தப் பக்கத்துப் பாதையைக் கம்பனி செப்பனிட்டுத் தருவதும், பாடசாலைக்குக் கூரை போடுவதும் நல்ல காரியங்கள்; அவை பங்காகாது. 2007 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நிலைபெறுதகு வலு அதிகாரசபை 20 ஆண்டுகளுக்கு அனுமதி கொடுக்கிறது. அந்த அனுமதியில் தடுப்பணைக்குக் கீழுள்ள லயங்கள் நீர்ப் பாவனையாளர்களாகப் பெயரோடு பதியப்பட வேண்டும். வறட்சி மாதங்களில் அவர்களுக்குரிய அளவு எழுதப்பட வேண்டும். விற்கும் ஒவ்வொரு அலகிலும் ஒரு சிறு பங்கு பிரதேச சபை வழியாக அந்தக் குடியிருப்புகளின் குடிநீருக்குப் போக வேண்டும். முதலாவதாகக் கட்டப்பட்ட நிலையங்களின் 15 ஆண்டு மின் விற்பனை ஒப்பந்தங்கள் ஏற்கெனவே காலாவதியாகிப் புதுப்பிப்புக் கட்டத்துக்கு வந்துவிட்டன. இனி கொடுக்கும் 20 ஆண்டு அனுமதி 2045 இல் முடியும் தோட்டக் குத்தகையையே எட்டிப் பிடித்துவிடும் அல்லது தாண்டிவிடும். மலையகப் பிரதிநிதிகள் சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் காட்டும் பிடிவாதத்தில் ஒரு பகுதியையேனும் இந்தப் பத்திரங்கள் கையெழுத்தாகும் மேசைக்கும் கொண்டுபோக வேண்டிய காலம் இது.