புகைக்குப் பதில் நீராவி

ஊது உலை வழியாக ஒரு டன் எஃகு செய்தால் ஏறத்தாழ இரண்டு டன் கரியமில வாயு வெளியேறுகிறது. செய்த பொருளைவிட, அதைச் செய்யும்போது வந்த புகை இரண்டு மடங்கு கனம். உலகம் ஆண்டுக்கு சுமார் 190 கோடி டன் எஃகு செய்கிறது. மனிதர்கள் காற்றில் விடும் கரியமில வாயுவில் 7 முதல் 9 சதவீதம் இந்த ஒரு தொழிலிலிருந்து வருகிறது.

உலையைச் சூடாக்க நிலக்கரியை எரிப்பதால்தான் இவ்வளவு புகை என்று நினைக்கத் தோன்றும். அப்படியிருந்தால் தீர்வு எளிது. நிலக்கரியை நிறுத்திவிட்டு மின்சாரத்தால் சூடாக்கிக்கொள்ளலாம். ஆனால் ஊது உலையில் நிலக்கரி வெறும் எரிபொருளாக மட்டும் இல்லை. அதற்கு இன்னொரு வேலை இருக்கிறது, அதுதான் முக்கியமான வேலை.

மண்ணில் இரும்பு தனியாகக் கிடைப்பதில்லை, ஆக்ஸிஜனோடு பிணைந்தே கிடைக்கிறது. ஹெமடைட் என்ற தாதுவை எடுத்துக்கொண்டால், அதில் ஒரு டன் இரும்போடு சுமார் 430 கிலோ ஆக்ஸிஜன் ஒட்டிக்கொண்டிருக்கும். எவ்வளவு சூடாக்கினாலும் அது தானாக விலகாது. இரும்பைவிட ஆக்ஸிஜன்மீது அதிக நாட்டமுள்ள ஒன்று பக்கத்தில் வந்து அதைப் பறித்துக்கொள்ள வேண்டும். உலையின் அடியில் சூடான காற்றை ஊதும்போது, நிலக்கரியிலிருந்து செய்த கல்கரி எரிந்து கார்பன் மோனாக்சைடு ஆகிறது. அந்த வாயு மேலே ஏறும் வழியில் தாதுவிலிருந்து ஆக்ஸிஜனைப் பிடுங்கிக்கொண்டு கரியமில வாயுவாகப் புகைபோக்கி வழியே போய்விடுகிறது. இரும்பு மிஞ்சுகிறது.

இந்த வேதியியல் மிகப் பழையது. கொடுமணலின் பழைய உலைகளில் மரக்கரி செய்ததும், 1709-இல் இங்கிலாந்தின் கோல்புரூக்டேலில் ஏபிரகாம் டார்பி கல்கரியைக் கொண்டு தொடங்கியதும், இன்றைய ராட்சத உலைகளில் நடப்பதும் ஒரே காரியம்தான்: கார்பனைக் கொடுத்து ஆக்ஸிஜனை எடுப்பது. உலை வளர்ந்தது, வேகம் கூடியது, வீணாகும் வெப்பம் குறைந்தது. அடிப்படை மட்டும் மாறவில்லை. எனவே எவ்வளவு திறமையாக நடத்தினாலும், கரியை வைத்து இரும்பு எடுக்கும் ஆலையிலிருந்து புகை வந்தே தீரும்.

எஸ்.எஸ்.ஏ.பி. என்ற ஸ்வீடன் நாட்டு எஃகு நிறுவனம் முட்டிக்கொண்டு நின்றது இந்தச் சுவரில்தான். லூலியோ, ஊக்செலசுண்ட் ஆகிய ஊர்களில் உள்ள அதன் ஊது உலைகள் ஒரு டன் எஃகுக்கு 1.6 டன் அளவுக்கே கரியமில வாயுவை விடுகின்றன. உலக அளவில் இது நல்ல கணக்கு. ஆனாலும் ஸ்வீடன் வெளியேற்றும் மொத்தக் கரியமில வாயுவில் பத்தில் ஒரு பங்கு இந்த ஒரு நிறுவனத்தினுடையது. உலைகளை மேலும் மெருகேற்றி இன்னும் ஓரிரு சதவீதம் குறைக்கலாம். அதற்குமேல் வழியில்லை.

2016-இல் மூன்று நிறுவனங்கள் சேர்ந்து ஒரு முடிவெடுத்தன. எஃகு செய்யும் எஸ்.எஸ்.ஏ.பி., இரும்புத் தாது வெட்டும் அரசு நிறுவனமான எல்.கே.ஏ.பி., மின்சாரம் தரும் அரசு நிறுவனமான வாட்டன்ஃபால். திட்டத்தின் பெயர் ஹைப்ரிட். ஆக்ஸிஜனைப் பறிக்கும் வேலையைக் கார்பனிடமிருந்து எடுத்து ஹைட்ரஜனிடம் கொடுப்பது என்பது அந்த முடிவு. ஹைட்ரஜனுக்கும் ஆக்ஸிஜன்மீது நாட்டம் உண்டு. அது தாதுவிலிருந்து ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டால் கரியமில வாயு வராது, தண்ணீர் வரும்.

லூலியோவில் 2018-இல் சோதனை ஆலையைக் கட்டத் தொடங்கி 2020 ஆகஸ்ட் 31-இல் இயக்கினார்கள். உயரமான குழாய் போன்ற உலை அது. மேலிருந்து தாது உருண்டைகள் மெல்ல இறங்கும். கீழிருந்து சூடேற்றிய ஹைட்ரஜன் ஏறும். தாது உருண்டை ஒவ்வொன்றும் கோலிக்குண்டு அளவுதான் இருக்கும். உலையின் வெப்பம் 1,000 டிகிரி செல்சியஸுக்குள் நிற்கிறது, இரும்பு உருகவோ 1,538 டிகிரி வேண்டும். ஆகவே இங்கே எதுவும் உருகுவதில்லை. உருண்டை உருண்டையாகவே கீழே வருகிறது, ஆனால் உள்ளே இருந்த ஆக்ஸிஜன் போய்விட்டது. அது இருந்த இடமெல்லாம் நுண்ணிய துளைகள். எடையில் பத்தில் மூன்று பங்கு குறைந்து, துளை நிறைந்த இரும்பாக வெளியே வருகிறது. இதைத் தொழிலில் ஸ்பாஞ்ச் அயர்ன் என்பார்கள்.

கெட்டியான ஓர் உருண்டையின் நடுப்பகுதிவரை வாயு எப்படி நுழைகிறது? ஹைட்ரஜன் மூலக்கூறு எல்லாவற்றிலும் சிறியது. கார்பன் மோனாக்சைடு தயங்கும் இடுக்கிலும் விரைந்து புகுந்துவிடும். தாதுவைத் தயார் செய்யும் முறையும் உதவுகிறது. வட ஸ்வீடனின் கிருனாவில் எல்.கே.ஏ.பி. வெட்டுவது மேக்னடைட், சேலத்துக் கஞ்சமலையில் இருக்கும் அதே கனிமம். அதை அரைத்து உருட்டிக் காற்றில் சுடும்போது, அது இன்னும் கொஞ்சம் ஆக்ஸிஜனை வாங்கிக்கொண்டு ஹெமடைட்டாக மாறுகிறது. அகற்ற வேண்டிய ஆக்ஸிஜனை முதலில் கூட்டுவது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் ஹெமடைட் பின்னர் ஆக்ஸிஜனை இழக்கும்போது அதன் படிகங்கள் விரிந்து விரிசல் விடும், அந்த விரிசல்களே வாயுவுக்குப் பாதை. மேக்னடைட் ஹெமடைட்டாகும்போது வெப்பமும் வெளிவரும். அந்த அளவுக்குச் சுடுவதற்கான எரிபொருள் மிச்சம்.

இப்போது எடைக்கணக்கைப் பார்ப்போம். இந்தத் திட்டத்தில் என்னை மிகவும் ஈர்த்தது அதுதான். ஒரு டன் இரும்பிலிருந்து 430 கிலோ ஆக்ஸிஜனை எடுக்க வேதியியல் கணக்குப்படி 54 கிலோ ஹைட்ரஜன் போதும். இரண்டும் சேர்ந்தால் 484 கிலோ தண்ணீர். உலையின் உச்சியிலிருந்து நீராவியாக வரும் அதைக் குளிர்வித்து எடுத்து, எலக்ட்ரோலைசர் என்ற கருவியில் மின்சாரம் பாய்ச்சிப் பிரித்தால், மறுபடி அதே 54 கிலோ ஹைட்ரஜனும் 430 கிலோ ஆக்ஸிஜனும் கிடைக்கும். ஹைட்ரஜன் திரும்ப உலைக்குப் போகிறது, அடுத்த டன்னுக்கு வேலை செய்ய. அதாவது, ஒழுகலும் இழப்பும் இல்லாத ஓர் ஆலையை நினைத்துப் பார்த்தால், தண்ணீர் செலவே ஆவதில்லை, ஹைட்ரஜன் செலவாவதில்லை. உள்ளே போவது தாதுவும் மின்சாரமும். வெளியே வருவது இரும்பும் ஆக்ஸிஜனும்.

அந்த ஆக்ஸிஜன் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் காலம் மிக நீள்கிறது. உலகின் பெரும்பாலான இரும்புத் தாதுப் படிவங்கள் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடல்களில் உருவானவை. அன்று கடல்நீரில் இரும்பு கரைந்திருந்தது. ஒளிச்சேர்க்கை செய்யக் கற்றுக்கொண்ட நுண்ணுயிர்கள் வெளியிட்ட ஆக்ஸிஜன் அந்த இரும்பைப் பிடித்துக் கடலடியில் படிய வைத்தது. (கிருனாவின் தாது இந்த வகையைச் சேர்ந்ததல்ல, அது எரிமலைப் பாறைகளோடு உருவானது. ஆஸ்திரேலியா, பிரேசில், ஒடிசா ஆகிய இடங்களின் பெரும் படிவங்களுக்குத்தான் இந்தக் கடல் வரலாறு பொருந்தும்.) அத்தகைய தாதுவை ஹைட்ரஜனால் இரும்பாக்கும் ஆலை, அன்று சூரிய ஒளியால் பிறந்து பாறைக்குள் போன ஆக்ஸிஜனைக் காற்றுக்குத் திருப்பித் தருகிறது. ஊது உலை அதே ஆக்ஸிஜனோடு நிலக்கரியின் கார்பனையும் கட்டி அனுப்புகிறது.

துளை இரும்பு இன்னும் எஃகு ஆகவில்லை. அதையும் பழைய இரும்பையும் மின்வில் உலையில் உருக்கி, கசடை நீக்கி, வேண்டிய உலோகங்களைச் சேர்க்க வேண்டும். எஃகுக்குச் சிறிது கார்பன் தேவை, ஹைட்ரஜன் வழி இரும்பிலோ கார்பன் இல்லை. அதனால் கொஞ்சம் வெளியிலிருந்து சேர்க்கிறார்கள். முழு வழியிலும் ஒரு டன் எஃகுக்கு 25 கிலோ கரியமில வாயுதான் மிஞ்சும் என்பது திட்டத்தாரின் மதிப்பீடு. 2021 ஆகஸ்டில் இப்படிச் செய்த முதல் எஃகு வால்வோ நிறுவனத்துக்குப் போனது. அக்டோபரில் வால்வோ அதைக்கொண்டு சுரங்கங்களில் பாரம் ஏற்றும் வண்டி ஒன்றைச் செய்து காட்டியது.

செய்ய முடியும் என்பது அத்தோடு உறுதியாகிவிட்டது. பெரிய அளவில் செய்வதுதான் கடினம், அதன் காரணம் மின்சாரம். கார்பன் மோனாக்சைடு ஹெமடைட்டிலிருந்து ஆக்ஸிஜனை எடுக்கும்போது வெப்பம் பிறக்கும். ஹைட்ரஜன் அதைச் செய்யும்போது வெப்பத்தை விழுங்கும். ஆகவே வாயுவை முன்கூட்டியே நன்றாகச் சூடேற்ற வேண்டும். அதைவிடப் பெரிய செலவு தண்ணீரைப் பிரிப்பதற்கு. எல்லாம் சேர்ந்து ஒரு டன் எஃகுக்குச் சுமார் 3,500 யூனிட் மின்சாரம். எல்.கே.ஏ.பி. தான் வெட்டும் தாது முழுவதையும் இப்படித் துளை இரும்பாக மாற்றப் போட்ட கணக்கு ஆண்டுக்கு 7,000 கோடி யூனிட். ஸ்வீடன் நாடே ஓர் ஆண்டில் செலவழிக்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ பாதி அது.

வட ஸ்வீடனில் லூலே ஆற்றின் அணைகள் இருக்கின்றன, காற்றாலைகள் பெருகிவருகின்றன. காற்று எல்லா நேரமும் வீசாது. வீசும்போது ஹைட்ரஜனைச் செய்து சேமித்துக்கொண்டால் வீசாதபோது உலை நிற்காது. இதற்காக லூலியோவில் தரைக்கு 30 மீட்டர் அடியில் பாறையைக் குடைந்து, உள்ளே எஃகுத் தகடு போர்த்தி, 100 கன மீட்டர் கொள்ளளவுள்ள சேமிப்பறை ஒன்றை 2022-இல் திறந்தார்கள். உள்ளே அழுத்தம் 250 பார் வரை போகும். ஹைட்ரஜன் கசியாமல் காப்பது தகட்டின் வேலை. அந்த அழுத்தத்தைத் தாங்குவது சுற்றியுள்ள பாறை. சிறிய மூலக்கூறு என்பதால் ஹைட்ரஜன் எஃகுக்குள்ளேயே புகுந்து அதை நொறுங்கவைக்கும் குணம் உடையது. உலைக்குள் வரமாக இருந்த சிறுமை சேமிப்பறையில் ஆபத்தாகிறது. தகட்டைத் தேர்ந்தெடுத்துச் சோதிப்பதற்கே பெரும் உழைப்பு தேவைப்பட்டது.

இந்த நிறுவனங்களின் அறிவிப்புகளை வாசிக்கும்போது தேதிகளையும் கவனிக்க வேண்டும். சோதனை ஆலை 2024 வரை செய்தது 5,000 டன்னுக்குச் சற்று அதிகம். பெரிய ஆலை ஒன்றுக்கு அது ஓரிரு நாள் வேலை. 2024 ஏப்ரலில் எஸ்.எஸ்.ஏ.பி. லூலியோவின் ஊது உலையை மூடிவிட்டு, 450 கோடி யூரோ செலவில் ஆண்டுக்கு 25 லட்சம் டன் செய்யும் மின்வில் உலை ஆலையைக் கட்ட முடிவு செய்தது. அதற்கு 2028 இறுதி என்று குறித்த தேதி பின்னர் ஓராண்டு தள்ளிப்போயிருக்கிறது. துளை இரும்பு செய்யும் பெரிய ஆலையும் முதலில் சொன்ன காலத்துக்கு வரவில்லை. காற்றாலைகளும் சுரங்கங்களும் விரியும் நிலத்தில் கலைமான் மேய்க்கும் சாமி என்ற பழங்குடி மக்களின் கேள்விகளும் இருக்கின்றன. தங்கள் மேய்ச்சல் வழிகள் துண்டாகின்றன என்று அவர்கள் சொல்வது உண்மை. தூய எஃகின் விலையில் அந்த நிலத்தின் கணக்கும் சேர்ந்தாக வேண்டும் என்றே நினைக்கிறேன்.

இந்தியாவுக்கு இதில் நேரடி அக்கறை உண்டு. உலகிலேயே மிக அதிகமாக ஸ்பாஞ்ச் அயர்ன் செய்யும் நாடு இந்தியாதான். ஆனால் அதில் பெரும்பகுதி நிலக்கரியோடு சேர்த்துச் சுழலும் சூளைகளில் செய்யப்படுவது. அந்த இடத்தில் ஹைட்ரஜனை அப்படியே கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 700 கிராம் அளவில் கரியமில வாயு வெளியேறுகிறது. 3,500 யூனிட் என்றால் இரண்டரை டன்னை நெருங்குகிறது. ஊது உலையின் புகையைவிட அதிகம்! லூலியோவில் புகையை ஒழிக்கும் அதே இயந்திரம், நிலக்கரி மின்சாரத்தில் ஓடினால் புகையை ஆலையிலிருந்து அனல் மின்நிலையத்துக்கு இடம் மாற்றுவதோடு அதைப் பெருக்கவும் செய்யும். இங்கே அதற்குத் தனியாகச் சூரிய மின்சாரமும் காற்று மின்சாரமும் வேண்டும். இரவுக்குச் சேமிப்பும் வேண்டும். 2023-இல் தொடங்கிய தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தில் எஃகுத் தொழிலுக்கான முன்னோட்டத் திட்டங்களும் இடம்பெற்றிருப்பது நல்ல தொடக்கம்.

2024 டிசம்பரில் மத்திய எஃகு அமைச்சகம் பசுமை எஃகு எது என்று வரையறுத்தது. ஒரு டன்னுக்கு 2.2 டன்னுக்குக் குறைவாகக் கரியமில வாயு வந்தால் பசுமை, 1.6 டன்னுக்கும் கீழே போனால் ஐந்து நட்சத்திரம். கணக்கிடும் எல்லைகள் நாட்டுக்கு நாடு வேறுபடும் என்றாலும், ஸ்வீடனில் மூட முடிவெடுத்த ஊது உலைகளின் அளவு ஏறத்தாழ அந்த ஐந்து நட்சத்திர வரம்பிலேயே நிற்கிறது. இன்றைய இந்திய ஆலைகள் பலவும் அந்த 2.2-ஐத் தாண்டியே இருப்பதால் தொடக்கத்துக்கு இப்படியொரு வரம்பு வைத்ததில் நியாயம் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைத் திருத்துவதாக அமைச்சகம் சொல்லியிருக்கிறது. முதல் திருத்தத்திலேயே அது கணிசமாக இறங்க வேண்டும்.