தடுப்பூசி வரிசையில் மதியிறுக்கமுடையோர்

ஆட்டிசத்தைத் தமிழில் மதியிறுக்கம் என்பர். அரசாங்க ஏடுகளில் அதற்குப் 'புற உலகச் சிந்தனையற்ற' என்னும் அடைமொழியும் உண்டு. அது பொருந்துவதன்று. அவர்களுள் பலருக்குப் புறவுலகின் ஒலியும் ஒளியும் தீண்டலும் நம்மினும் மிகுதியாகவே உறைக்கின்றன. இஃது மூளை வளரும் முறையில் அமைந்த வேறுபாடு. குழந்தைகளை வைத்தே இதைப் பேசுகிறோம். அக்குழந்தைகள் முப்பதும் ஐம்பதும் வயதினராவதை மறந்துவிடுகிறோம். அம்மறதி 2021-இல் கொரோனாத் தடுப்பூசி வந்தபொழுது வெளிப்பட்டது.

அவ்வாண்டு மார்ச்சு 1 முதல் 60 வயது நிரம்பியோர்க்கும், 45 முதல் 59 வரையுள்ளோரில் குறிப்பிட்ட 20 உடற்குறைகளுள் ஒன்றை உடையோர்க்கும் ஊசி இடலாயிற்று. அப்பட்டியலில் அறிவுசார் குறைபாடு இருந்தது. மிகுந்த உதவி வேண்டும் மாற்றுத்திறனாளிகளும் இருந்தனர். மதியிறுக்கம் என்னும் பெயர் இல்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளுள் அதனையும் ஒன்றாக ஏற்றிருந்தும் இல்லை! முந்திய 1995-ஆம் ஆண்டுச் சட்டத்திலோ அப்பெயரே கிடையாது. ஆகவே 45 கடந்தவருள் பலர் தம் இளமையில் அச்சொல்லைக் கேட்டிருக்கவும் மாட்டார். சான்றிதழில் 'மனவளர்ச்சி குன்றியவர்' என்றிருந்தால் கதவு திறக்கும். சான்றிதழே இல்லாதார்க்கு யாது வழி? 45-க்கு உட்பட்டவரோ, எத்துணை இடர் இருப்பினும், 18 வயதினர் யாவர்க்கும் வழி பிறந்த மே 1 வரை காத்திருந்தனர். இங்கிலாந்தில் பிப்ரவரியிலேயே, மருத்துவரின் கற்றல் குறைபாட்டுப் பதிவேட்டில் உள்ள பெரியோர் அனைவரையும் வயது நோக்காது அழைத்தனர். அங்கும் மதியிறுக்கம் மட்டும் உடையோர் விடுபட்டனர்.

அவ்விடர்தான் யாது? மதியிறுக்கம் தானாக நுரையீரலைக் கெடுப்பதில்லை. ஆயினும் அதனோடு வலிப்பு நோய் சேர்ந்து காணப்படுவது மிகுதி. அறிவுசார் குறைபாடும் உடையோர் கொரோனாவால் இறப்பது மிகுதி என்று மேனாட்டு ஆய்வுகள் காட்டின. இவற்றினும் பெரிது ஒன்றுண்டு. மூச்சு முட்டுகிறதென்று சொல்ல இயலாத ஒருவர் உணவை மறுப்பார், தலையில் அடித்துக்கொள்வார். வீட்டார் அதனைப் பிடிவாதம் என்று கொள்வர். நோய் முற்றிய பின்னரே மருத்துவர் காண்பார்.

அரிமளத்திலிருந்து அத்தகைய ஒருவரைப் பேருந்தில் ஏற்றிப் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோய், இரைச்சல் மிகுந்த கூடத்தில் அமர்த்திவைப்பது எளிதன்று. வீட்டிற்கே வந்து ஊசியிடும் ஏற்பாட்டை மத்திய அரசு அறிவித்தது செப்டம்பர் 23-இல்தான்.

தடுப்பூசியே மதியிறுக்கத்தை உண்டாக்கும் என்னும் அச்சம் இன்னும் சில வீடுகளில் உண்டு. அதனைக் கிளப்பிய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை வெளியிட்ட லான்செட் இதழே 2010-இல் திரும்பப் பெற்றுவிட்டது. எந்த ஊசியாயினும் கூட்டமில்லாத வேளையைச் செவிலியரிடம் கேட்டுப் பெறலாம். அவ்விடத்தை முன்னாளே ஒருமுறை காட்டி வரலாம். உட்கொள்ளும் வலிப்பு மருந்தின் பெயரையும், வலி வந்தால் அவர் காட்டும் குறியையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.