சிறு படகு மோட்டார்களுக்கு ஏற்ற எரிபொருள்: பெட்ரோலா, புரோப்பேனா?

மும்பை மாநகரின் கிழக்கு ஓரத்தில், டிராம்பே குன்றை அடுத்து அமைந்துள்ளது அணுசக்தி நகர். குன்றுக்கு அப்பால் தானே கடற்கழி விரிந்து கிடக்கின்றது. அதன் கரைகளில் தொன்றுதொட்டு வாழும் கோலி மீனவர்கள் சிறு படகுகளில் சென்று இறாலும் நண்டும் மீனும் பிடிக்கின்றனர். கண்டல் மரங்கள் அடர்ந்த இக்கழியின் ஒரு பகுதி 2015இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது.

அண்மையிலுள்ள மாஹுலில் 1954, 1955ஆம் ஆண்டுகளில் இரு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் இயங்கத் தொடங்கின. பெட்ரோலும், திரவமாக்கப்பட்ட பெட்ரோலிய வாயுவாகிய எல்.பி.ஜி.யும் ஒரே கச்சா எண்ணெயிலிருந்து பிரிபவை. 1955இல் இந்தியாவில் எல்.பி.ஜி. முதன்முதலில் விற்பனைக்கு வந்ததும் மும்பையிலேதான். ஆயின் அது சமையலறைக்குச் சென்றது. படகிற்குப் பெட்ரோலும் மண்ணெண்ணெயும் டீசலுமே வாய்த்தன. சிறு மோட்டாரை வாயுவினால் இயக்கலாகாதா என்னும் வினா அதன் பின்னர் எழுந்ததாகும். அமெரிக்காவில் லேர் என்னும் நிறுவனம் 2012ஆம் ஆண்டளவில் புரோப்பேனால் இயங்கும் சிறு படகு மோட்டார்களை விற்பனைக்குக் கொணர்ந்தது. ஜப்பானின் டோஹாட்சு நிறுவனமும் 5 குதிரைத்திறன் கொண்ட அத்தகைய மோட்டாரைச் செய்துள்ளது. கேரளக் கரையிலும் மண்ணெண்ணெய்க்கு மாற்றாக எல்.பி.ஜி. சோதித்துப் பார்க்கப்பட்டுள்ளது.

இரு எரிபொருள்களின் இயல்பு

புரோப்பேன் என்பது மூன்று கார்பன் அணுக்களும் எட்டு ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்த எளிய பொருள். அதன் கொதிநிலை பூச்சியத்திற்குக் கீழ் 42 டிகிரி சென்டிகிரேடு. ஆகவே திறந்த பாத்திரத்தில் அது திரவமாக நில்லாது. அமுக்கத்தில் அடைத்து வைத்தால் மட்டுமே திரவமாக இருக்கும். 30 டிகிரி வெப்பநிலையில் சிலிண்டரினுள் அதன் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப்போல் ஏறத்தாழ 10 மடங்காகும். இந்தியாவில் வழங்கும் எல்.பி.ஜி. தனிப் புரோப்பேன் அன்று. அது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. பியூட்டேனின் அமுக்கம் அதே வெப்பநிலையில் 3 மடங்கிற்கும் சற்றுக் குறைவே. எனவே கலவையின் அமுக்கம் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டு நிற்கும்.

பெட்ரோலோ பலவகை ஹைட்ரோகார்பன்களின் கலவை. சாதாரண அமுக்கத்திலேயே திரவமாக இருப்பதால் எளிய தகரக் கலத்திலும் எடுத்துச் செல்லலாம். இவ்வெளிமையே அது உலகெங்கும் பரவியதற்குக் காரணம்.

வெப்பமும் தூரமும்

ஒரு கிலோ புரோப்பேன் எரியும்பொழுது ஏறத்தாழ 11,100 கிலோகலோரி வெப்பம் வெளிப்படுகின்றது. ஒரு கிலோ பெட்ரோல் ஏறத்தாழ 10,400 கிலோகலோரியே தருகின்றது. எடையைக் கொண்டு நோக்கின் புரோப்பேனே மேல். ஆயின் திரவப் புரோப்பேன் இலேசானது. ஒரு லிட்டர் அரைக் கிலோ எடையே உள்ளது. பெட்ரோல் ஒரு லிட்டர் 0.74 கிலோ. ஆகவே லிட்டர்க் கணக்கில் புரோப்பேன் 5,550 கிலோகலோரியும், பெட்ரோல் 7,700 கிலோகலோரியும் தருகின்றன.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 5 குதிரைத்திறன் மோட்டார் ஒன்று முழு விசையில் ஓடுகின்றது; எரிபொருளின் வெப்பத்தில் 22 சதவிகிதத்தை அது வேலையாக மாற்றுகின்றது எனக் கொள்வோர், மணிக்கு 1.9 லிட்டர் பெட்ரோல், அல்லது 1.3 கிலோ புரோப்பேன் செலவாகும் எனக் காண்பர். நான்கு மணி நேரப் பயணத்திற்கு ஏழரை லிட்டர் பெட்ரோல் வேண்டும். அதன் எடை ஐந்தரைக் கிலோ. புரோப்பேனாயின் 5.2 கிலோ போதும். எனினும் அதனைத் தாங்கும் எஃகுச் சிலிண்டரின் எடை வாயுவின் எடைக்கு நிகராகவோ அதற்கு மேலாகவோ இருக்கும். விரிவடைய இடம் வேண்டியிருப்பதால் சிலிண்டரை முழுவதும் நிரப்புதலும் கூடாது. சிறு தோணியில் இச்சுமையும் இடமும் பொருட்படுத்தத் தக்கவை.

எஞ்சினுள் நிகழ்வது

புரோப்பேனின் ஆக்டேன் எண் 110க்கும் மேற்பட்டது; இந்தியப் பெட்ரோலின் எண் 91 முதல் 95 வரை. ஆதலின் வாயுவிற்கென அமுக்க விகிதத்தை உயர்த்திச் செய்த எஞ்சினில் தட்டல் ஒலியின்றிக் கூடுதல் பயனைப் பெறலாம். பழைய பெட்ரோல் எஞ்சினையே வாயுவிற்கு மாற்றினால் நிலை வேறு. எஞ்சினுள் நுழையும் கலவையில் ஏறத்தாழ 4 சதவிகித இடத்தை வாயுவே பிடித்துக்கொள்வதால் காற்று குறைகின்றது. பெட்ரோல் துளிகள் ஆவியாகும்பொழுது உண்டாகும் குளிர்ச்சியும் இல்லை. இவற்றால் விசை 5 முதல் 10 சதவிகிதம் வரை குறையக்கூடும்.

டூ-ஸ்ட்ரோக் எனப்படும் இருவீச்சு எஞ்சினில் மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. அங்கு மசகெண்ணெய் பெட்ரோலோடு கலந்தே எஞ்சினுள் செல்கின்றது. வாயுவில் எண்ணெயைக் கலக்க இயலாது. எண்ணெயைத் தனியே செலுத்தும் அமைப்பின்றி அத்தகைய எஞ்சினை வாயுவில் ஓட்டினால் பிஸ்டன் விரைவில் இறுகிவிடும். ஆகவே நால்வீச்சு எஞ்சினே வாயுவிற்கு ஏற்றது.

பெட்ரோலுக்கும் தனிக் குறை உண்டு. இந்தியாவில் இப்பொழுது விற்கப்படும் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலந்துள்ளது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் தன்மையது. கடற்காற்றில் திறந்து மூடப்படும் கலத்தில் ஈரம் மிகுந்தால், எத்தனாலும் நீரும் சேர்ந்து அடியில் தனிப் படலமாகப் பிரியக்கூடும். மோட்டாருக்குச் செல்லும் குழாய் அப்படலத்தையே உறிஞ்சுமாயின் எஞ்சின் நடுக்கழியில் நின்றுவிடும். மழைக்காலம் முழுவதும் படகு கரையில் கிடந்தால் கார்புரேட்டரில் பிசினும் படியும். மூடிய சிலிண்டரிலுள்ள புரோப்பேனுக்கு இக்கேடுகள் இல்லை.

தீயும் பாதுகாப்பும்

இரு எரிபொருள்களின் ஆவியும் காற்றினும் கனமானவை. புரோப்பேன் ஒன்றரை மடங்கு, பெட்ரோலின் ஆவி மூன்று மடங்கிற்கும் மேல். தரையில் கசிந்த வாயு பரவிச் சென்றுவிடும். படகோ ஓட்டையில்லாத கிண்ணம் போன்றது. அதில் கசிந்த ஆவி வழிந்தோட வழியின்றி அடித்தட்டில் தேங்கும். காற்றில் 2 சதவிகிதத்திற்குச் சற்று மேற்பட்ட புரோப்பேன் இருந்தாலே ஒரு தீப்பொறி போதுமானது.

பெட்ரோலில் பேரிடர் நேர்வது பெரும்பாலும் அதனை ஊற்றும் வேளையில். அசையும் படகில் சூடான எஞ்சினருகே புனலால் ஊற்றும்பொழுது சிந்துதல் இயல்பு. சிலிண்டரை மாற்றுவதில் இவ்வாபத்து மிகக் குறைவு. ஆயின் வாயு கசிந்தால் கண்ணுக்குப் புலப்படாது. அதனோடு சேர்க்கப்படும் மெர்காப்டன் என்னும் பொருளின் நாற்றமே எச்சரிக்கை.

ஆகவே சிலிண்டரை நிமிர்த்தி, கசிந்த வாயு படகின் வெளியே வழிந்து செல்லக்கூடிய திறந்த இடத்தில் கட்டிவைத்தல் வேண்டும். கரை சேர்ந்ததும் சிலிண்டரின் வால்வை முதலில் மூடி, குழாயிலுள்ள வாயு எரிந்து எஞ்சின் தானே நிற்கும்படி விடுதல் நன்று. உப்புக்காற்றினால் எஃகு துருப்பிடிக்குமாதலின் வால்வும் இணைப்புக்களும் அடிக்கடி சோதிக்கப்பட வேண்டும். சோப்பு நீரைத் தடவினால் கசிவு குமிழியாகத் தோன்றும். சமையல் சிலிண்டரை எஞ்சினோடு இணைத்தல் சட்டத்திற்கு மாறானது. அதன் ரெகுலேட்டரும் அதற்கெனச் செய்யப்பட்டதன்று.

நீருக்கு வரும் தீங்கு

பழைய வகை இருவீச்சு மோட்டாரில், புகுந்த எரிபொருளில் கால்பங்கு வரை எரியாமலே எண்ணெயோடு நீரினுள் வெளியேறக்கூடும். ஓதம் வடிந்தபின் அது சேற்றில் படிகின்றது. இறால் குஞ்சும் நண்டும் வளர்வது அச்சேற்றிலேதான். மீனவரின் பிழைப்பும் அதனைச் சார்ந்ததே. கசிந்த புரோப்பேன் நீரில் மிகச் சிறிதே கரையும், ஆவியாய்ப் போய்விடும். ஒரே அளவு வெப்பத்திற்கு அது வெளிவிடும் கார்பன் டை ஆக்ஸைடும் பெட்ரோலைவிட ஏறத்தாழ 12 சதவிகிதம் குறைவு. எனினும் இதில் எஞ்சினுக்கும் பெரும்பங்கு உண்டு. இருவீச்சை விடுத்து நால்வீச்சு எஞ்சினுக்கு மாறுவதாலேயே, எரிபொருள் எதுவாயினும், நீரில் கலக்கும் எண்ணெய் பெரிதும் குறைகின்றது.

முடிவு

நாள்தோறும் அருகிலேயே சென்று திரும்பும் கழிமுகப் படகிற்கு, வாயுவிற்கெனவே செய்யப்பட்ட நால்வீச்சு மோட்டாரும் அருகில் சிலிண்டர் மாற்றும் வசதியும் வாய்க்குமாயின், புரோப்பேன் தக்க எரிபொருளாகும். நெடுந்தூரம் செல்வோருக்கும், வாயு கிடைக்காத கரையில் வாழ்வோருக்கும் பெட்ரோலே இன்றும் துணை. பழைய இருவீச்சு எஞ்சினையும் சமையல் சிலிண்டரையும் கைவேலையால் இணைத்துக்கொள்வதோ உயிருக்கு உலை வைப்பதாகும். எரிபொருளின் விலையை ஒப்பிடுமுன், எஞ்சினின் வகையையும் சிலிண்டர் நிற்கும் இடத்தையும் ஆராய்தலே அறிவுடைமை.